மூன்று தண்ணி என்று சொன்னேன்

பழைய வண்டியின் பெட்ரோல் பாதையைச் சரிசெய்வது பற்றி எழுதித் தாருங்கள், வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று மெக்கானிக் சங்கத்து இதழுக்காகக் கேட்டார்கள். பம்பை எப்படிப் பிரிப்பது, கார்புரேட்டர் ஜெட்டை ஏன் கம்பியால் குத்தக் கூடாது என்பதையெல்லாம் உங்கள் ஷெட்டில் யாராவது அரை நாளில் காட்டிவிடுவார்கள். அதற்கு என் எழுத்து வேண்டாம். நான் ஒரே ஒரு டேங்க்கைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நாற்பது வருஷத்தில் நன்றாகச் செய்த வேலைகள் எனக்கும் உண்டு. அவற்றை யாரும் கேட்காமலே பல இடங்களில் பேசியிருக்கிறேன். இதை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தேன்.

ஏழாம் வகுப்புப் பாதியில், பையைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு லாரி ஏறியவன் நான். சங்ககிரியில் கிளீனர், திருச்சியில் பஸ் ஷெட், நாகப்பட்டினத்தில் படகு எஞ்சின் என்று எங்கேயும் இரண்டு வருஷம் முழுதாக நின்றதில்லை. யாரும் துரத்தவில்லை. ஒரு ஊரின் தெருக்கள் பழகிவிட்டால் எனக்குக் கால் அரிக்கும், அவ்வளவுதான். மெட்ராஸுக்கு வந்தது எழுபதுக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னே. மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் வேலை கிடைத்தது. சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நின்ற ஒரு காரின் பின்சீட்டில் படுத்துக்கொள்வேன். மழைக்குக் கொஞ்சம் ஒழுகும். மற்றபடி குறை இல்லை.

அங்கே நான் சேர்ந்து இரண்டாவது கோடை. அபிராமபுரத்திலிருந்து ஒரு மாமி ஷெட்டுக்கே நேரில் வந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். கணவர் இறந்து எட்டு வருஷம். அவருடைய கார், இங்கிலாந்தில் செய்த சின்ன வண்டி, அன்றிலிருந்து வீட்டுக் கார் ஷெட்டில் நிற்கிறது. அதை ஓட வைக்க வேண்டும்.

முதலாளி கேட்டார். “ஓட வெச்சு வித்துடலாம்னா மாமி?”

“விக்கறதாவது! நான் ஓட்டப்போறேன்.”

“நீங்களா?”

“ஏன், அவர் இருக்கறச்சே பீச் ரோட்டுல கத்துக் குடுத்தார். பிரேக் எது, கிளட்ச் எதுன்னு உங்களுக்கு வேணா சந்தேகம் வரும், எனக்கு வராது.”

ஷெட்டில் எல்லோரும் சிரித்தோம். மாமி சிரிக்கவில்லை. கோபாலபுரத்தில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு அக்கம்பக்கத்துத் தெருக் குழந்தைகள் ஆறு பேரைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருவதாக அந்தந்த வீட்டில் பேசி வைத்திருந்தார். அந்த வருமானத்தை நம்பி மகளைக் காலேஜில் சேர்க்க மனு போட்டிருந்தார்.

“ஜூன்ல ஸ்கூல் தொறக்கறா. அதுக்குள்ள வண்டி வாசல்ல நிக்கணும். இல்லேன்னா அவா வேற ஏற்பாடு பண்ணிண்டுடுவா. அப்புறம் நான் ஊறுகாய்தான் போட்டு விக்கணும். எனக்கு ஊறுகாய் போட வராது.”

வேலையை முதலாளி என்னிடம் கொடுத்தார். மாமி வீட்டுக்கே போய், எலி கடித்த வயர், பிடித்துக்கொண்ட பிரேக், உள்ளே இறுகிப்போன பிஸ்டன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விடுவித்தேன். மே மாதம் பாதி ஆனபோது எஞ்சின் தயார். நம் ஊர் வழக்கப்படி, பானெட் கொக்கியில் ஒரு பாட்டில் பெட்ரோலைத் தொங்கவிட்டு, அதிலிருந்து ரப்பர் குழாயை நேராகக் கார்புரேட்டருக்குக் கொடுத்தேன். நாலாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. வீடு முழுக்கப் புகை. மாமி இரண்டு கன்னத்திலும் கையை வைத்துக்கொண்டு நின்றார். “அதே சத்தம்” என்றார்.

அங்கேதான் என் முதல் தப்பு. பாட்டிலில் ஓடிய வண்டியை டேங்க்கோடு இணைத்தால் தெரு முனைவரை போய் நின்றுவிட்டது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். ஓடியது, ஆழ்வார்பேட்டை தாண்டுமுன் நின்றது. பம்பைப் பிரித்தேன். பிறகு குழாயில் வாயை வைத்து ஊதினேன். மறுபடியும் கார்புரேட்டர். பாட்டிலில் ஓடுகிறது, டேங்க்கில் ஓடவில்லை என்றால் குற்றம் டேங்க்கில்தான் என்று குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் கார்புரேட்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. டேங்க் வண்டிக்கு அடியில், துருப்பிடித்த எட்டு போல்ட்டுகளுக்கு மேலே இருந்தது. எட்டிய இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்து ஒரு வாரத்தைத் தொலைத்தேன். கடைசியில் டேங்க்கை இறக்கினபோது உள்ளே பழைய பெட்ரோல் வெல்லப்பாகு மாதிரி உறைந்து கிடந்தது. அடித்தட்டின் ஓரத்தில் வரிசையாக ஊசி ஓட்டைகள். பள்ளி திறக்க அப்போது பத்தே நாள்.

ஓட்டைக்கு ஈயம் வைத்து அடைக்க வேண்டும். அந்த வேலைக்கு நாங்கள் போவது ராயப்பேட்டையில் ஒரு சந்து. எட்டு கடைகள், எல்லாம் ரேடியேட்டர், டேங்க் வேலை. அவற்றையும் தாண்டி, கோடிக் கடை பாயுடையது. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். இரண்டு பெண் குழந்தைகள். அவருடைய கையில் ஈயம் தண்ணீர் மாதிரி ஓடி, ஓட்டையில் உட்கார்ந்து, தானாக நிற்கும். ஆனால் மெதுவானவர். பாய் கடையில் கல்யாணக் காரைக் கொடுத்தால் வளைகாப்புக்குத்தான் வரும் என்று சந்தே கேலி செய்யும். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

பெட்ரோல் டேங்க் என்றால் அவரிடம் ஒரு முறை உண்டு. கொண்டுவந்தவனைப் பார்த்து முதல் கேள்வி, “எத்தினி தண்ணி?” கொதிக்கும் தண்ணீரில் சலவைச் சோடா கலந்து ஊற்றி, கல்லைப் போட்டுக் குலுக்கி, கொட்டினால் அது ஒரு தண்ணி. மூன்று தண்ணி ஆகியிருக்க வேண்டும். இரண்டு நாள் வெயிலில் வாய் திறந்து கிடந்திருக்க வேண்டும். அதற்கு மேல், நெருப்பு வைக்கும்போது டேங்க்குக்குள் ஆவி தங்க இடமில்லாமல் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பிக்கொள்வார். கடைசியாக ஒன்று: கழுவினவன்தான் டேங்க்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அது சந்து முழுக்க இருந்த வழக்கம். தன் கை நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கும்போது யாரும் பொய் சொல்ல மாட்டான் என்பது கணக்கு.

அந்த மே மாதம் தண்ணீர் எப்படி இருந்தது என்று இப்போது சொன்னால் நம்ப மாட்டீர்கள். எங்கள் ஷெட்டுக்குத் தெருப் பம்புதான். விடியற்காலையில் ஒரு மணி நேரம் வரும். குடத்தோடு பெண்கள் நிற்கும் வரிசையில் டேங்க் கழுவ வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன கேட்பார்கள் தெரியுமா? “ஏன்யா, காருக்கு தாகமா? எங்க வூட்ல கொழந்திங்கோ கீது.” வாளியோடு இரண்டு தடவை திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை ஒரு வாளி கிடைத்தது. அதைக் காய்ச்சி, சோடா போட்டு, ஒரு தண்ணி கழுவினேன். வெயிலில் ஒரு பகல் வைத்தேன். மூக்கை வைத்துப் பார்த்தேன், வாசனை இல்லை. டேங்க்குக்குள் பெட்ரோல் அலையாமல் இருக்கக் குறுக்குத் தகடுகள் இருக்கும். அவற்றின் மறைவில் உறைந்திருக்கும் பாகு குளிர்ந்த நிலையில் மணக்காது, சூடு பட்டால்தான் ஆவியாகும். இது எனக்குத் தெரியாதது அல்ல. மாமி அன்று காலை ஷெட்டுக்கு வந்து, ஒரு குழந்தையின் அப்பா வேறு வண்டி பார்க்கிறார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் டேங்க்கைச் சைக்கிள் கேரியரில் கட்டினேன்.

“எத்தினி தண்ணி நைனா?” என்றார் பாய்.

“மூணு.”

“வெய்யில்ல வெச்சியா?”

“ரெண்டு நாளு.”

“மூந்து பாத்தியா?”

“பாத்தேன் பாய். ஒண்ணும் இல்ல.”

மூன்று பதிலில் கடைசி ஒன்றுதான் உண்மை.

உள்ளே ஊற்ற அவர் தண்ணீர் தேடினார். தொட்டியில் அடியோடு ஒரு சாண் இருந்தது. “நேத்திலேருந்து குழா இருமிக்கினு கீது, துப்ப மாட்டேங்குது” என்றார். கொஞ்சம் யோசித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். “அவசரம் பாய், பசங்க ஸ்கூலுக்குப் போற வண்டி” என்றேன். அவர் டேங்க்கைத் தட்டிப் பார்த்தார். “சரி. மூணு தண்ணி பாத்த டேங்க்குதானே.”

மண்ணெண்ணெய் புளோ லாம்ப்பைப் பம்ப் அடித்துப் பற்ற வைத்தார். “வா, வந்து புடி.”

“ஒரு டீ சொல்லிட்டு வந்துடறேன் பாய். உனக்கும் வாங்கியாறேன்.”

“கழுவினவன் புடிக்கணும்டா. வா.”

“ரெண்டு நிமிஷம்.”

“போ, போ. டீக்குன்னே பொறந்தவன். எனுக்கு சக்கர கம்மியா சொல்லு.”

டீக்கடை சந்தின் வாயில். கிளாஸ் கைக்கு வந்தபோது சத்தம் கேட்டது. கடையில் இருந்த எல்லோரும் எழுந்து, “இன்னா அது, இன்னா அது” என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். நான் மட்டும் கேட்கவில்லை. அதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

நான் திரும்பி வருவதற்குள் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று, டேங்க்கைத் தானே இடது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் சுடரைக் காட்டியிருக்கிறார். டேங்க் வெடித்து, ஓரத்தையல் பிரிந்து தகடு கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. முகத்தில் ஒரு பக்கம் தீ நக்கியிருந்தது. கண் தப்பியது. இடது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின. பக்கத்துக் கடைப் பெரியவர் அவரைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவுக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். என் கையில் டீ கிளாஸ் இன்னும் இருந்தது என்று ஆஸ்பத்திரி வாசலில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

சந்துக்காரர்கள் அன்று சாயங்காலமே முடிவு கட்டிவிட்டார்கள். தண்ணீர் நிரப்பாமல் நெருப்பு வைத்தான், பிடிக்க ஆள் வருவதற்குள் வைத்தான், பாய்க்கு அன்றைக்கு என்ன அவசரமோ. எங்கள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். “நம்ம பக்கம் ஒண்ணும் இல்லியே?”

“மூணு தண்ணி கழுவினேன் முதலாளி.”

“அப்ப சரி. வேலையப் பாரு.”

நாலாம் நாள் மாமி சாத்துக்குடியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். வெளியே வராந்தாவில் என் முகத்தை நேராகப் பார்த்து, “நீ நன்னா அலம்பினியோல்லியோ?” என்றார். என்னிடம் யார் யாரோ கேட்டதில் அதுதான் நேரான கேள்வி. “மூணு தண்ணி மாமி” என்றேன். “அப்போ நான்தான் காரணம். ஜூன் ஜூன்னு எல்லாரையும் பிடுங்கி எடுத்துட்டேன்” என்று சொல்லிப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

உள்ளே பாய் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கட்டுப் போட்ட கையை வயிற்றின் மேல் வைத்திருந்தார். நோவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர் மூளை டேங்க்கிலேயே இருந்தது. “உள்ள குறுக்கு தகடு கீதுல்ல, அது பின்னால தங்கிட்டிருக்கும். அந்த மாதிரி டேங்க்குக்கு மூணு தண்ணி பத்தல போல. இனிமே எவன் வந்தாலும் அஞ்சு தண்ணி கேக்கணும். சந்துல எல்லாருக்கும் சொல்லிடு.”

தம்பிகளே, கவனியுங்கள். ஒரு வேலை கெட்டால் ஏன் கெட்டது என்று அடுத்தவன் யோசித்துத் தெரிந்துகொள்கிறான். நம் தொழிலுக்குப் புத்தகம் கிடையாது, இப்படி ஒருவர் பட்டதை மற்றவர் கேட்டுக்கொள்வதுதான் படிப்பு. நான் சொன்ன பொய்யின் மேல் அந்த மனிதர் படுக்கையில் கிடந்தபடி ஒரு பாடம் கட்டினார். நான் தலையாட்டினேன். போய்ச் சொல்லவும் சொன்னேன், எட்டு கடையிலும். “பாய் சொல்லச் சொன்னார், இனி அஞ்சு தண்ணி.”

புதுப்பேட்டையில் வேறு டேங்க் தேடி வாங்கி மாட்டினேன். மாமியின் வண்டி பள்ளி திறந்த அன்று ஓடியது. ஆறு குழந்தைகளும் வந்தார்கள். தெருவில் போகும்போது மாமி எனக்கு ஹார்ன் அடிப்பார். நான் ஏதாவது ஒரு பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். அடுத்த பொங்கலுக்குள் மெட்ராஸை விட்டுப் போய்விட்டேன். ஹூப்ளி, பெல்லாரி, கடைசியில் சேலம். கால் அரித்ததால் போனதாக வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு லாரிக்கு ரேடியேட்டர் எடுக்க மெட்ராஸ் வர வேண்டியிருந்தது. சந்தின் முனையில் பாய் கடை எங்கே என்று கேட்டேன். புதிய பையன் ஒருவன், “எந்த பாயி? அவசர பாயா?” என்றான். அதுதான் அவருக்குப் பெயராகியிருந்தது. அந்தச் சந்திலேயே மெதுவான மனிதருக்கு.

ஈயம் வைப்பதை விட்டிருந்தார். பிடிக்க விரல் இல்லாத கையால் அது ஆகாது. டேங்க் கழுவிக் கொடுப்பதையே வேலையாக வைத்திருந்தார். எட்டு கடைக்கும் கழுவுவது அவர்தான். பெரிய அண்டா ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“டேய், டீக்காரா! எங்கடா போயிட்ட? அந்தம்மா வண்டி ஓடிச்சா?”

“ஓடிச்சு பாய்.”

“அது போதும். உக்காரு.”

உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடியும் வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்து போய்விடுவேன் என்று பயம். நின்றபடியே சொன்னேன். “பாய், அன்னிக்கு ஒரு தண்ணிதான் ஊத்தினேன். வெயில்லயும் ஒரு பகல்தான்.”

அவர் குவளையில் சோடாத் தண்ணீரை மொண்டபடி இருந்தார். மொண்டதை அண்டாவிலேயே திரும்ப ஊற்றினார்.

“ஒண்ணா.”

“ஆமா.”

“நான் இத்தினி வருசமா அஞ்சு ஊத்திக்கினு கீறேன்.” குரலில் கோபம் இல்லை, கணக்குத் தப்பியவர் போலச் சொன்னார். பிறகு, “டீக்குப் போனியே. தெரிஞ்சா போன?”

“தெரியல பாய்.”

“தெரியாதவன் ஏழு வருசம் கழிச்சு வந்து சொல்ல மாட்டான்.”

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“என்கிட்ட சொன்னது இருக்கட்டும்” என்றார். “எனுக்கு கை போச்சுன்னு எவனும் பேசல. புத்தி போச்சுன்னுதான் பேசுறானுங்க. என் பொண்ண பாக்க வந்தவன்கூட, அவசரக்காரன் வூட்டுப் பொண்ணாச்சேன்னு சிரிச்சிட்டுப் போனான். அஞ்சு தண்ணின்னு சொல்ல எட்டு கடையும் ஏறின இல்ல? அதே எட்டு கடை கீது. அதே ஆளுங்க கீறானுங்க. போ. ஒவ்வொரு கடையா ஏறி இத்த சொல்லு. சொல்லிட்டு அப்பால வந்து உக்காரு.”

முதல் கடையில் சொன்னேன். கடைக்காரர் கையில் இருந்த வேலையை வைக்காமலே கேட்டுக்கொண்டு, “சரி” என்றார். இரண்டாவது கடைக்காரர் உள்ளே இருந்த ஆட்களையெல்லாம் கூப்பிட்டு, “இவன் சொல்றத கேளுங்கடா” என்றார். அவர்கள் முன்னால் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். மூன்றாவது கடையில் ஒருவர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, “நீ மனுஷன்தானா” என்றார். நாலாவது கடை, பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெரியவருடையது. அவர் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, “வா நைனா, ஆஸ்பத்திரிக்கு என் கூட ஓடி வந்தவனாச்சே நீ” என்று சோற்றுக் கையை உயர்த்தினார்.

சாப்பிட்டு முடியுங்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சந்தை விட்டு வெளியே வந்தேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

பாய் இறந்துபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பெரியவர் அதற்கும் முன்பே. சந்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மகன்கள், மருமகன்கள், அவர்களிடம் வேலை பழகியவர்கள் யாராவது இருக்கலாம். சங்கத்து இதழ் அந்தப் பக்கமும் போகிறது என்றார்கள். அதனால்தான் எழுத ஒப்புக்கொண்டேன். கோடிக் கடை பாய் அவசரப்படவில்லை. கழுவினவன் ஒரு தண்ணி ஊற்றிவிட்டு மூன்று என்று சொன்னான். பிடிக்க வேண்டிய நேரத்தில் டீக்குப் போனான். மீதி ஐந்து கடைக்கும் இதுதான் நான் சொல்ல வேண்டியது.